முதல் வாரத்தில் குறையும் எடை எங்கே போகிறது?

பட்டினி டயட்டில் முதல் வாரமே 2, 3 கிலோ இறங்கினால், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். கிளைக்கோஜன், அதாவது உடலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை வெட்டியதும் இரண்டும் சேர்ந்து கரையும். பழையபடி சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும்.

அதையும் தாண்டிப் பட்டினி கிடந்தால் தசை கரையும், சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறையும். அமெரிக்காவின் 'தி பிக்கெஸ்ட் லூசர்' எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவுப்படி, அவர்கள் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்தது. இழந்த எடையில் பெரும்பகுதியும் திரும்பியிருந்தது.

சரி, என்னதான் செய்வது? சோற்றை நிறுத்த வேண்டாம். தட்டில் பாதியைப் பொரியல், கூட்டு, கீரைக்கு ஒதுக்குங்கள். கால் பங்கு சோறு. மீதியில் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். (உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் வராது!) வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டு அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.