சதை துடிக்கிறதென்று சாப்பாட்டில் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டு மாதம் முன்னால் வேளச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் அம்மாவுடன் என்னைப் பார்க்க வந்தார். கெண்டைக்காலிலும் கண் இமையிலும் எட்டு மாதமாகச் சதை துடிக்கிறது. நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இஎம்ஜி சோதனையும் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் என் மேசையில் முதலில் வைத்தது அந்த ரிப்போர்ட்டை அல்ல, தான் நிறுத்திவிட்ட உணவுகளின் பட்டியலை. பால், தயிர், கோதுமை, முட்டை, வேர்க்கடலை, தக்காளி, கத்தரிக்காய், உளுந்து. உளுந்தையும் நிறுத்திவிட்டால் சென்னையில் ஒருவர் காலையில் எதைச் சாப்பிடுவது? ஒன்பது கிலோ இறங்கியிருந்தார். "தயிர் சாதம் இல்லாம எழுந்திருக்கவே மாட்டாம்மா, இப்ப தயிரைப் பார்த்தாலே பயப்படறான்" என்றார் அம்மா.

கிட்டத்தட்ட அதே பட்டியல் என் பழைய டைரி ஒன்றில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் உணவு ஆலோசகர். இந்தத் துறையில் பட்டம் வாங்கி, நாலு வருடம் வேலையும் பார்த்த பிறகு எனக்குத் துடிப்பு வந்தது. அப்போது நான் செய்ததைத்தான் இப்போது வாரத்துக்கு ஒருவராவது வந்து என் முன்னால் செய்துகாட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். காபியைக் குறையுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துடிப்பு எப்படி வருகிறது என்று மட்டும் கொஞ்சம் பார்த்துவிடலாம். முதுகுத்தண்டிலிருந்தோ மூளையின் அடிப்பகுதியிலிருந்தோ வரும் ஒரு நரம்பிழை, தசையில் பல நார்களைச் சேர்த்து இயக்குகிறது. நாம் எதுவும் செய்யாமலே அந்த இழை தூண்டப்பட்டால், அதன் பிடியில் உள்ள நார்கள் எல்லாம் ஒன்றாகச் சுண்டும். தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் தெரிவது அதுதான். கால்சியமும் மெக்னீசியமும் நரம்பை அடக்கி வைத்திருக்கின்றன. அவை குறைந்தால் சின்னத் தூண்டலுக்கே நரம்பு துள்ளும்.

உணவு இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஓர் உணவு நேராகத் தசையைத் துடிக்க வைக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. சுற்றுவழி உண்டு. பால் சர்க்கரை செரிக்காதவருக்கு அடிக்கடி பேதியானால் மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போகும். சீலியாக் நோயில் கோதுமையில் உள்ள குளூட்டன் காரணமாகச் சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பே தேய்ந்துபோகும். சத்தான சாப்பாடு சாப்பிட்டாலும் உடம்பில் சேராது. இரவெல்லாம் வயிறு உப்பித் தூக்கம் கெட்டாலும் மறுநாள் இமை துடிக்கும். எனவே யார் வந்தாலும் என் முதல் கேள்வி, வயிறு எப்படி இருக்கிறது என்பதுதான். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு உணவின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது அபூர்வம்.

மருத்துவரிடம் காட்டாமல் உணவை மாற்றுவது

பிடிப்பு தளர்ந்து கையிலிருந்து சாமான் விழுவது, படியேறும்போது கால் மடிவது, தசை இளைப்பது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது. இவற்றில் ஒன்று துடிப்போடு சேர்ந்து இருந்தாலும் என்னிடம் வரவே கூடாது, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இவை இல்லாமல், பரிசோதனையும் சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 121 பேரை, சிலரை 32 வருடம் வரைகூட, கவனித்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் மோட்டார் நியூரான் நோய் ஒருவருக்கும் வரவில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இந்தத் தவறின் மேல்தான். என் வாழ்க்கையில் ஒரு வருடத்தை இது தின்றது.

அப்போது எனக்கு இடது இமையும் வலது தொடையும் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை பால், கோதுமை, பருப்பு வகைகள், கடலை, தக்காளி எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினேன். சுரைக்காய், புடலங்காய், சோறு, கொஞ்சம் பழம். மூன்றாவது வாரம் துடிப்பு பாதியாகக் குறைந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினேன்.

நான் கவனிக்கத் தவறியது ஒன்று. பாலை நிறுத்திய அன்றே காபியும் நின்றுவிட்டது. டிகாஷனைப் பால் இல்லாமல் குடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காபி, அதில் கடைசி டம்ளர் மாலை ஆறு மணிக்கு. உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அந்த ஆறு மணி டம்ளர் நின்றதும் பத்து மணிக்கே தூக்கம் வந்தது. தூக்கம் சரியானதும் துடிப்பு குறைந்தது. நான் அந்தப் பெருமையைச் சுரைக்காய்க்குக் கொடுத்தேன்.

சென்னையில் பாலை நிறுத்துகிற யாரும் பாலை மட்டும் நிறுத்துவதில்லை. காபி போகும், டீ போகும், டீயோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட் போகும். கோதுமையை நிறுத்தினால் இரவு பத்தரை மணிப் பரோட்டா போகும், அதோடு வெளியே சாப்பிட்டுவிட்டு நேரங்கழித்துப் படுப்பதும் போகும். அப்புறம் எது பலன் தந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் துடிப்பு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மிகவும் மோசமான வாரத்தில்தான் நமக்குப் பயம் வந்து சாப்பாட்டை மாற்றுவோம். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது ரொம்பக் கடினம். எனக்கும் அப்போது என் அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் துடிப்பு திரும்பியது. இதுதான் ஆபத்தான கட்டம். ஒருவர் இங்கே நின்று, உணவு காரணமில்லை போலிருக்கிறது என்று யோசித்தால் தப்பித்துவிடுவார். யாரும் அப்படி யோசிப்பதில்லை. இன்னும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று மேலும் இரண்டை நிறுத்துவார்கள். நானும் நிறுத்தினேன். அக்காவின் வளைகாப்புக்குப் போய், ஐந்து வகைச் சாதம் பரிமாறிய இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் சைவம். பி12 எனக்கு வந்துகொண்டிருந்த ஒரே வழி பாலும் தயிரும். கையிருப்பு முன்பே குறைவாக இருந்திருக்க வேண்டும். பதினோரு மாதம் கழித்துப் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல மரமரப்பு தொடங்கியது. ரத்தத்தில் பி12 பார்த்தபோது 140தான் இருந்தது, 200க்குக் கீழே போனாலே குறைபாடு. கெடுதல் செய்யாத ஒரு துடிப்பை விரட்டப் போய், நரம்பை உண்மையிலேயே கெடுக்கக்கூடிய ஒரு குறைபாட்டை நானே வரவழைத்துக்கொண்டேன். ஊசி போட்டுச் சரியாக ஐந்து மாதம் ஆனது.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். முதலில் இரவில் ஒரு டம்ளர் வெறும் பால், ஒன்றும் ஆகவில்லை. பருப்பு, ஒன்றும் இல்லை. கோதுமை, இல்லை. கடைசியாகக் காபி. மாலைக் காபி குடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் இடது இமை துடித்தது. நிறுத்தினேன், நின்றது. மறுபடி குடித்தேன், மறுபடி வந்தது. நாலு மாதத்தில் தெரிந்துகொண்ட இதை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் நாலு வாரத்தில் தெரிந்திருக்கும்.

ஒழுங்கு என்பது இவ்வளவுதான். சந்தேகப்படுகிற ஓர் உணவை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். அந்த இரண்டு வாரமும் தூக்கம், காபி, உடற்பயிற்சி, மாத்திரை எதையும் மாற்றாதீர்கள். பிறகு வழக்கமான அளவில் மூன்று நாள் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது குறைந்து, சேர்த்தபோது கூடி, இரண்டாவது தடவையும் அதேபோல நடந்தால்தான் அந்த உணவின் மேல் குற்றம் சொல்லலாம். திரும்பச் சேர்ப்பதுதான் பரிசோதனை, நிறுத்துவது அதற்கான முன்வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் முன்வேலையோடு நின்றுவிடுகிறார்கள். ஓர் உணவால் எப்போதாவது உதடு வீங்கியிருந்தாலோ மூச்சு இழுத்திருந்தாலோ அது அலர்ஜி. அதை வீட்டில் சோதிக்கவே கூடாது.

ஒரு சொட்டு ரத்தத்தில் இருநூறு உணவுக்கு ரிப்போர்ட் வாங்குவது

அந்த இளைஞரின் பட்டியலில் உளுந்து சேர்ந்தது இதனால்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்ட தாள். இந்தச் சோதனை பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அது உண்டாவது இயல்பு. தினம் இட்லி சாப்பிடுகிறவருக்கு உளுந்து சிவப்பில் வந்தால், அவர் தினம் இட்லி சாப்பிடுகிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது. இந்தத் தாளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, பி12 பார்க்கக் காசில்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும்.

கோதுமையை நிறுத்திவிட்டு சீலியாக் சோதனைக்குப் போவது

சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, நாம் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மை பேசும். மாதக்கணக்கில் சப்பாத்தியைத் தொடாமல் போனால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். பிறகு சுமார் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தெற்கே இந்த நோய் மிகவும் குறைவு. ஆனாலும் துடிப்போடு பேதி, இரும்புச்சத்துக் குறைவு, எடை இறக்கம் இருந்தால் பார்த்துவிடுவது நல்லது. முதலில் ரத்தம் கொடுப்பது, பிறகுதான் கோதுமையை நிறுத்துவது. இந்த வரிசை மாறவே கூடாது.

பாலும் தயிரும் ஒன்று என்று நினைப்பது

பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

அசிடிட்டி மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். கடைசியில் கிளம்பும்போது, "கேஸுக்குக் காலையில ஒண்ணு போடுவேன் மேடம், மூணு வருஷமா" என்பார்கள். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது. அவை பி12 உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் இரண்டும் துடிப்பைக் கூட்டலாம். தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கத்தரிக்காயைச் சந்தேகிக்கும் முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்.

மெக்னீசியம் மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது

உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் குறைவு இருக்கலாம் என்பது உண்மைதான். அதற்காக இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. மாத்திரையாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு. மெக்னீசியம் ஆக்சைடு அதிகமானால் பேதியாகும். பேதியில் பொட்டாசியம் போகும், துடிப்பு கூடும், அதைப் பார்த்து இன்னொரு மாத்திரை போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு ஆணுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம். ராகிக் களி, கம்பங்கூழ், சுண்டல், வேர்க்கடலை, கீரை என்று சாப்பிட்டால் பெரும்பாலானோர் அந்த அளவை நெருங்கிவிடலாம். நிறுத்தும் பட்டியலில் கடலையும் பருப்பும் முதலில் ஏறுவது எனக்கு வருத்தம் தருவது இதனால்தான்.

நரம்பு மாத்திரை சத்து மாத்திரைதானே என்பது

அட்டையில் பைரிடாக்சின் எவ்வளவு என்று படியுங்கள். அது பி6. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பையே கெடுத்து மரமரப்பு உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வைத்த மேல்வரம்பு நாளுக்கு 12 மில்லிகிராம். கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளில் இதைப்போலப் பல மடங்கு இருக்கிறது.

அஜினோமோட்டோவின் மேல் பழிபோடுவது

அஜினோமோட்டோ என்பது குளுட்டமேட் உப்பு. தக்காளியிலும் அதே குளுட்டமேட் இருக்கிறது.

இளநீரை மருந்தாகக் குடிப்பது

கத்திரி வெயிலில் வியர்த்து வந்தவருக்கு நல்லது. சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறிவிடும்.

துடிப்பை எண்ணுவது

நாளுக்கு ஒருமுறை, இரவில், பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டால் போதும்.

வேளச்சேரி இளைஞருக்குப் பேதியும் இரும்புச்சத்துக் குறைவும் இருந்தன. அதனால் உளுந்தை முதல் வாரமும் தயிரை இரண்டாவது வாரமும் திரும்பச் சேர்த்துவிட்டு, கோதுமைக்கு வந்தோம். இட்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. தயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. கெண்டைக்கால் இன்னும் சாயங்காலங்களில் துடிக்கிறது. தினம் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டு இது ஆறாவது வாரம். வெள்ளிக்கிழமை காலை சீலியாக் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறார்.