தட்டான் பார்க்கக் கூட்டாளி தேடுவோருக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி வழிகாட்டி

காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் உங்கள் வீட்டுக் கருங்கல் காம்பவுண்டுச் சுவரைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் கல்லே எழுந்து பறந்து, இரண்டடி தள்ளி மறுபடி கல்லாகிவிடும். சாம்பலும் கறுப்பும் கலந்து, கிரானைட்டிலேயே செதுக்கியது போன்ற உடல். நான்கு இறக்கைகளையும் தட்டையாக விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இறக்கை நுனிக்கு அருகில் உள்ள சிறு கறுப்புக் கட்டத்தின் இரு முனைகளிலும் வெள்ளை தெரிந்தால் ஆள் உறுதி. அறிவியல் பெயர் பிராடினோபைகா ஜெமினேட்டா. நான் கருங்கல் தட்டான் என்றே கூப்பிடுகிறேன். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரிலும் சிமெண்ட் தொட்டிகளிலும் முட்டையிடும். கிரானைட்டுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சி கிடையாது.

“நம்ம பக்கம் தட்டான் பார்க்கிற குழு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்கும் நண்பர்களிடம் முதலில் இந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் தொடங்கியபோது தலைகீழாகச் செய்தேன். ஒரே வாரத்தில் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் கிடைத்தது ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கங்கள் மட்டும்தான். கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் படி: ஒரே ஒரு நீர்நிலை

வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்வரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தருமபுரிக்காரர்களுக்கு ராமக்காள் ஏரி, ஓசூர்க்காரர்களுக்கு ராமநாயக்கன் ஏரி, போச்சம்பள்ளிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாரூர் ஏரி. ஊர்க் குட்டையும் பம்புசெட் தொட்டியும்கூடப் போதும். கல்குவாரிக் குழிகள் மட்டும் வேண்டாம். செங்குத்தான கரை, ஆழமும் தெரியாது. அணைகளில் படம் எடுக்கும் முன் அங்குள்ள பணியாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓர் அணையில் கேட்காமல் கேமராவைத் தூக்கி, அரைமணி நேரம் நின்று விளக்கம் சொன்னவன் நான்.

பறவை பார்ப்பவர்களைப் போல விடியற்காலையில் எழ வேண்டியதில்லை. தட்டானுக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை நல்ல நேரம். மழைக்காலமும் அதை அடுத்த மாதங்களும் நல்ல பருவம்.

இரண்டாம் படி: தட்டானா, ஊசித்தட்டானா?

உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருந்தால் தட்டான். முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொண்டால் பெரும்பாலும் ஊசித்தட்டான். சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களில் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். நாம் வால் என்று சொல்வது உண்மையில் அதன் வயிறு.

நிறத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். செக்கச்செவேல் என்று இருக்கும் இனத்தில்கூடப் பெண்ணும், வளர்ந்து முடியாத ஆணும் மஞ்சள் பழுப்பாகத்தான் இருக்கும். ஒரே இனத்தை மூன்று இனமாக எழுதி நோட்டை நிரப்பிய புண்ணியம் எனக்கு உண்டு.

முதல் மாதத்தில் ஐந்தாறைப் பழகினால் போதும். கருங்கல் தட்டானைச் சொல்லிவிட்டேன். சாக்கடை கலந்த நீரோரத்திலும் ஆரஞ்சு நிற இறக்கையோடு உட்கார்ந்திருப்பது பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டாவின் ஆண். பச்சையும் கறுப்புமாக, வயிறு மெலிந்து, மற்ற தட்டான்களையே பிடித்துத் தின்னும் முரடன் ஆர்த்தெட்ரம் சபீனா. கோரைப்புல்லில் மஞ்சள் ஊசி செருகியதுபோலத் தெரிவது செரியாகிரியான் கோரமண்டலியானம். மழைக்கு முன்னும் பின்னும் வயல்வெளிக்கு மேல் கூட்டமாக, உட்காராமல் சுற்றிக்கொண்டே இருப்பது பன்டாலா ஃபிளேவெசென்ஸ். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் வந்திறங்கும் இந்த இனத்தின் கூட்டங்கள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று கடலுயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார்.

மூன்றாம் படி: மூன்று படங்கள்

கைப்பேசியே போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிற்றின் நுனியை நெருங்கி ஒன்று. பல இனங்களில் ஆணைப் பிரித்தறிய அந்த நுனியில் இருக்கும் சிறு கொக்கிகள்தாம் கைகொடுக்கும். தட்டான் பறந்துவிட்டால் நகராமல் நில்லுங்கள். பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். பிடிக்க வேண்டாம். நம்மில் பலர் சின்ன வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க விட்டவர்கள். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவாவது இப்போது கையைக் கட்டிக்கொள்வோம்.

தொட்டிச் சுவரில் பழுப்பு நிறத்தில், முதுகு பிளந்த காலிக்கூடு ஒட்டியிருந்தால் அதையும் படம் எடுங்கள். நீருக்குள் வாழ்ந்த இளம்பூச்சி மேலே ஏறிவந்து கழற்றிப் போட்ட சட்டை அது. அந்தத் தொட்டியிலேயே அது பிறந்து வளர்ந்தது என்பதற்குப் பறக்கும் தட்டானைவிட நல்ல சாட்சி.

நான்காம் படி: எதைப் படிப்பது, எங்கே பதிவது

கே. ஏ. சுப்பிரமணியன் எழுதிய தீபகற்ப இந்தியத் தட்டான்களுக்கான ஆங்கிலக் களக் கையேடு 2005இல் மின்னூலாக வெளிவந்தது. தொடங்குபவர்களுக்கு அது போதும். எஃப். சி. ஃபிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய பெருநூலை இப்போதே திறக்காதீர்கள். மிரண்டுவிடுவீர்கள். படம் வைத்து ஒப்பிட ‘ஒடோனேட்டா ஆஃப் இந்தியா’ இணையதளம் இருக்கிறது.

பார்த்த உயிரினத்தை யாரும் படத்தோடு பதியக்கூடிய இணையதளங்கள் ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர் இணையவாயில். இரண்டில் ஒன்று போதும். நான் முதன்முதலில் ஐநேச்சுரலிஸ்டின் வரைபடத்தைத் திறந்தபோது பெங்களூரைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. ஓசூர் தாண்டியதும் வெளிறிவிட்டது. பூச்சி குறைவு என்பதால் அல்ல, பார்த்து எழுத ஆள் குறைவு என்பதால். ஆகவே உங்கள் தொட்டித் தட்டானுக்கும் அங்கே மதிப்பு உண்டு. தேதி, இடம் இரண்டையும் சரியாகக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘தட்டான்’ என்ற அளவிலேயே விட்டுவிடலாம். தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள்.

ஐந்தாம் படி: ஆட்கள்

உங்கள் பதிவைத் திருத்துகிறவர்கள்தாம் முதல் கூட்டாளிகள். திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தால் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். தென்னாசியத் தட்டான் ஆர்வலர்களுக்கு ‘டிராகன்ஃபிளை சவுத் ஏசியா’ என்ற ஃபேஸ்புக் குழு உண்டு. அங்கே கேட்கும்போது வெறும் படத்தைப் போட்டு “இது என்ன?” என்று கேட்காதீர்கள். இப்படி எழுதுங்கள்:

“பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி மாவட்டம். அக்டோபர் 12, காலை 10.20. மதகுக்குப் பக்கத்தில் கோரைப்புல்லில் இருந்தது. வயிறு முழுக்க மஞ்சள், மார்பு இளம்பச்சை. பக்கவாட்டுப் படமும் நுனிப் படமும் இணைத்திருக்கிறேன்.”

இப்படிக் கேட்டவனுக்கு அன்று மாலைக்குள் பதில் வரும்.

நேரில் ஆட்களைப் பிடிக்கக் குறுக்குவழி பறவை ஆர்வலர்கள். இரு தரப்பும் நிற்பது அதே ஏரிக்கரையில். தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் கலந்துகொண்டு, பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கியதும் தட்டானைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். செப்டம்பரில் நாடு முழுவதும் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடுவார்கள், அதுவும் நல்ல சந்தர்ப்பம். வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்ப்பதுண்டு. தருமபுரி, ஓசூர் மாவட்ட வன அலுவலகங்களில் டிசம்பரிலேயே விசாரித்து வையுங்கள். ஆசிரியராக இருந்தால் பள்ளியின் தேசிய பசுமைப் படையே உங்கள் குழு. குழந்தைகளின் கண் நம்மைவிடக் கூர்மை.

மேலகிரி மலைப்பகுதியில் பணியாற்றும் அமைப்பு கென்னத் ஆண்டர்சன் இயற்கைக் கழகம். இந்தக் காடுகளில் அலைந்து எழுதிய வேட்டைக்காரரின் பெயர் அதற்கு. கடல் கடந்த தட்டானைத் துரத்தியவரும் ஓர் ஆண்டர்சன், இங்கேயும் ஓர் ஆண்டர்சன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காட்டுக்குள் போகுமுன்

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்குள்ளும் காப்புக்காடுகளுக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் யானைகள் ஊருக்குள்ளேயே வரும். மாலை நான்குக்கு மேல் ஏரிக்கரையில் வேலை இல்லை. வெயிலில் பார்க்கும் பூச்சி என்பதால் நமக்கு அது நஷ்டமும் இல்லை. நட்சத்திர ஆமை, நீர்நாய் போன்றவற்றைப் பார்க்க நேர்ந்தால் சரியான இடத்தை எந்தக் குழுவிலும் எழுதாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதே குழுவில் இருக்கலாம்.

இன்னொன்று. இந்த இரு மாவட்டங்களிலும் தட்டானுக்கு ஊரார் சொல்லும் பெயரைக் கேட்டுப் பழகுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசும் பாட்டி அதைத் தூனீகா என்பார். கன்னடம் பேசும் பையன் ஏரோப்பிளேன் சிட்டெ என்பான். எங்கள் ஊர் ஏரிக்கு மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் மூன்று பேர் போகிறோம். மூன்றாமவர் அங்கே மாடு மேய்க்க வருகிறவர். எந்தப் பாறைக்குழியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று அவரைக் கேட்டுத்தான் அடுத்த ஞாயிறை முடிவு செய்கிறோம்.