குடிமையியல் பாடத்துக்குச் சட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நாடு தழுவிய குடிமையியல் தேர்வு ஒன்று நடந்தது. பாடம் நன்றாகத் தெரியும் என்று சொல்லத்தக்க நிலையை எட்டியவர்கள் 22 சதவீதம் மட்டுமே. 1998 முதல் நடந்துவரும் இந்தத் தேர்வில் சராசரி மதிப்பெண் இறங்கியது அதுவே முதல்முறை. இப்படிச் செய்தி வந்தாலே, "சட்டம் போட்டுக் கட்டாயமாக்குங்கள்" என்று குரல் எழும். எழட்டும், வேண்டியதுதான். ஆனால் இதுவரை சட்டம் போட்ட மாநிலங்களைப் பார்த்தால், அந்த வேகத்தில் எதையெல்லாம் கோட்டை விடுகிறோம் என்று தெரிகிறது.

முதலில், தட்ட வேண்டிய கதவு. வாஷிங்டனில் முறையிட்டுப் பயனில்லை. பள்ளிகளில் எதைக் கற்பிப்பது என்று ஒன்றிய அரசு ஆணையிடுவதை அங்குள்ள சட்டமே தடுக்கிறது. நாடாளுமன்றம் பணம் கொடுக்கலாம், அவ்வளவுதான். பாடத்தை முடிவு செய்வது மாநிலச் சட்டமன்றங்களும் உள்ளூர்க் கல்வி வாரியங்களும்.

சரி, மாநிலத்துக்குப் போனால் அடுத்த தவறு காத்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது: ஒரு தேர்வை வைத்துவிட்டுப் பாடத்தைக் கற்பித்ததாக நினைத்துக்கொள்வது. அரிசோனா 2015இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, உயர்நிலைப் பள்ளியை முடிக்க 100 கேள்விகளில் 60க்குச் சரியாக விடையளிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நம்மவர்கள் பலரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்த கேள்விகள்தான் அவை. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. எழுத எளிது, செலவும் குறைவு. செனட்டில் 100 பேர் என்று பிள்ளை சொல்லிவிடும். பள்ளி வாசலில் சாலையைக் கடக்கக் கோடு போட வேண்டுமென்றால் நகராட்சியிடம் போவதா, கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகத்திடம் போவதா, மாநிலத்திடம் போவதா என்று கேட்டால் விழிக்கும். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படைத் தகவல் தெரியாமல் விவாதிக்க முடியாது. அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

இல்லினாய் 2015இல் போட்ட சட்டம் இதற்கு நல்ல மாற்று. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பருவம் குடிமையியல் கட்டாயம். அதில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது: அரசு அமைப்புகள், சர்ச்சைக்குரிய நடப்பு விவகாரங்கள் பற்றிய விவாதம், சமூகப் பணியோடு சேர்ந்த கற்றல், மாதிரித் தேர்தல் போன்ற ஜனநாயக நடைமுறைப் பயிற்சிகள். அந்த இரண்டாவது அம்சத்தைக் கவனியுங்கள். "வகுப்பில் ஏன் அரசியல் பேசுகிறீர்கள்?" என்று ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்தால், ஆசிரியர் சட்டத்தைக் காட்டலாம். அந்த வரி இல்லாத இடத்தில் ஆசிரியர் வம்பு வேண்டாமென்று ஒதுங்கிவிடுவார். டெக்சாஸ் 2021இல் எதிர்த்திசையில் போனது: அரசின் கொள்கை முடிவுகளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளோடு மாணவர் பணியாற்றினால், அதற்கு மதிப்பெண் தரக்கூடாது என்றது. மாசசூசெட்ஸோ 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே நடத்தும் குடிமைச் செயல்திட்டம் ஒன்றை வைத்தது. அது கட்சி சார்பற்றதாக இருக்க வேண்டும் என்றும் எழுதியது. கட்சி அரசியல் வகுப்புக்குள் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு மருந்து இப்படி ஒரு வரம்பு. பிள்ளைகளின் கையைக் கட்டுவது மருந்தாகாது.

அப்புறம் பணம். இல்லினாய் சட்டத்தோடு மாநில நிதி வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குத் தனியார் அறக்கட்டளைகளை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. எல்லா மாநிலத்துக்கும் அந்த வாய்ப்பு அமையாது. மாசசூசெட்ஸ் போலச் சட்டத்திலேயே தனி நிதியம் அமைத்துவிடுவது நல்லது.

நேரத்தையும் மறந்துவிடுகிறோம். 2002க்குப் பிறகு வாசிப்புத் தேர்வுக்கும் கணக்குத் தேர்வுக்கும் முக்கியத்துவம் கொடுத்ததில், தொடக்கப் பள்ளிகளில் சமூக அறிவியலுக்கான நேரம் சுருங்கிப்போனது. புதுப் பாடம் என்றதும் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவது இதனால்தான். ஃபுளோரிடா 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாசிப்புப் பாடத்துக்குள்ளேயே குடிமையியல் செய்திகளைச் சேர்க்கச் சொன்னது. தனியாக ஒரு மணி நேரம் தேட வேண்டியதில்லை, சின்ன வகுப்பிலேயே தொடங்கவும் முடிகிறது.

எல்லாவற்றையும் உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிவிடுவதும் தாமதமே. இல்லினாய் அதை உணர்ந்து, 2019இல் நடுநிலை வகுப்புகளுக்கும் ஒரு பருவத்தைக் கட்டாயமாக்க மறுபடியும் ஒரு சட்டம் கொண்டுவந்தது.