ரைபெகூகன்: தோசைக் கை செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் சந்தைக் கடையொன்றில் காகிதத் தட்டு நிறைய ரைபெகூகன், அதாவது உருளைக்கிழங்கு அடை, வாங்கித் தின்றேன். வட்ட வட்டமாக மூன்று, ஓரத்தில் ஒரு கரண்டி ஆப்பிள் கூழ். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, உப்பு, கொஞ்சம் மாவு, அவ்வளவுதான் சாமான். அடை வார்க்கத் தெரிந்த கைக்கு இது என்ன பெரிய வித்தை என்று அந்த வாரமே வீட்டில் வாணலியை ஏற்றினேன். விட்ட கலவை விட்ட இடத்திலேயே பிரிந்து போனது. துருவல் ஒரு பக்கம் மிதந்தது, முட்டை ஒரு பக்கம் நுரைத்தது, புகை அலாரம் அலறியது. சத்தம் கேட்டு இறங்கி வந்த மேல்வீட்டுப் பாட்டி வாணலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த கிண்ணத்தை எடுத்துச் சாய்த்தார். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. "இது மாவு இல்லை, சூப்" என்றார்.

பிறகு அவரிடமே கற்றுக்கொண்டேன். நம்மவர்கள் வீடுகளிலும் இதைச் சுட்டுப் பார்ப்பவர்கள் உண்டு; எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தோசைக்கும் வடைக்கும் பழகிய கை, அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறது. அதுதான் வினை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது கட்லெட்டும் அல்ல, ஆலு டிக்கியும் அல்ல. அவற்றுக்குக் கிழங்கை வேகவைத்து மசிப்போம். ரைபெகூகனுக்குப் பச்சைக் கிழங்கைத் துருவ வேண்டும். போலந்தின் பிளாட்ஸ்கி, பெலாரஸின் டிரானிக்கி, உக்ரைனின் டெருனி, யூதர்களின் லாட்கே எல்லாம் இதே குடும்பம்தான். அயர்லாந்தின் பாக்ஸ்டியில் மட்டும் பச்சைத் துருவலோடு மசித்த கிழங்கும் சேரும். வெந்த கிழங்கில் ரைபெகூகன் தட்டினால் மேலே ஒரு தோல் வரும், உள்ளே பூரி மசாலா இருக்கும்.

கிழங்கு

ஜெர்மனியில் கிழங்குப் பையிலேயே எழுதியிருப்பார்கள்: வெந்தால் கட்டியாக நிற்பது, மாவாக உதிர்வது, இரண்டுக்கும் நடுவே உள்ளது என்று மூன்று வகை. சாலட்டுக்கான கட்டிக் கிழங்கை எடுத்தால் ஸ்டார்ச் குறைவு, துருவல் ஒன்றோடொன்று ஒட்டாது. நடு வகையோ மாவு வகையோதான் வேண்டும். பையில் எதுவும் எழுதாத ஊரில் இருப்பவர்கள் கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகங்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஒட்டினால் ஸ்டார்ச் இருக்கிறது. இன்னொரு சோதனை: 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டால் மாவுக் கிழங்கு மூழ்கும், கட்டிக் கிழங்கு மிதக்கும். தோல் மெல்லிசாக உரியும் புதுக்கிழங்கு வறுவலுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்த கிழங்கும் ஏமாற்றும். குளிரில் அதன் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். எண்ணெயில் போட்டதும் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பச்சை நிறம் ஏறிய கிழங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, நேரே குப்பைக்கு.

துருவல்

மிக்ஸி வேண்டாம். மிக்ஸி சுற்ற வேண்டுமானால் தண்ணீர் விட வேண்டும். விட்டால் கிழங்கு விழுதாகிவிடும், வாணலியில் களி கிண்டத்தான் முடியும். கைத்துருவிதான் சரி. அதிலும் இரண்டு முகம் உண்டு. பெரிய கண்ணில் துருவினால் நூல் நூலாக வந்து ஓரமெல்லாம் சல்லடை மாதிரி மொறுமொறுக்கும். பொடிக்கண்ணில் தேய்த்தால் கூழாகி உள்ளே வெண்ணெய் போல் மெத்தென்றிருக்கும். எது அசல் என்ற சண்டை இங்கே ஓயாதது. நான் இரண்டு பங்கு பெரிய கண்ணிலும் ஒரு பங்கு பொடிக்கண்ணிலும் தேய்க்கிறேன். கூழ் நூலைப் பிடித்துக்கொள்ளும், மாவும் குறைவாகவே தேவைப்படும்.

துருவியது சிவந்து, பிறகு சாம்பல் நிறமாவதைப் பார்த்துப் பயந்து, வாழைக்காய் நறுக்கிப் போடுவது போலத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். கூடவே ஸ்டார்ச்சும் போய்விடும். நிறம் மாறுவது கிழங்கில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்வதால்தான். கெடுதல் ஒன்றுமில்லை, பொரிந்த பிறகு தெரியவும் தெரியாது. கண்ணுக்கு உறுத்தினால் கிழங்கையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவுங்கள். வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள்கள் கருக்கலைத் தள்ளிப்போடும். 1 கிலோ கிழங்குக்கு ஒரு பெரிய வெங்காயம் போதும்.

பிழிவது

பாட்டி எனக்குக் கற்றுத்தந்ததில் பாதி இதுதான். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது இருக்கிற வரை எண்ணெயின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கலவை 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் நிறமும் ஏறாது. வாணலியில் நடப்பது பொரிப்பதல்ல, எண்ணெயில் அவிப்பது.

கையால் பிழிந்தால் போதும் என்று நானும் நினைத்தேன். அவர் ஒரு பழைய சமையலறைத் துண்டை விரித்தார். துருவலை நடுவில் கொட்டி நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, மரக்கரண்டிக் காம்பை முடிச்சுக்குள் செருகித் திருகினார். முதலில் கொட்டியது, பிறகு சொட்டியது. நின்றுவிட்டது என்று நான் கையை நீட்டினேன். "இன்னும் அழுகிறது, விடுங்கள்" என்று மேலும் இரண்டு சுற்று திருகினார். 1 கிலோ கிழங்கில் ஒரு டம்ளருக்கு மேலேயே வந்தது. மூட்டையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது ஈரத் துருவல் அல்ல. பிழிந்து முடித்த தேங்காய்ச் சக்கை மாதிரி உதிரி உதிரியாக விழுந்தது.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போனவனைத் தடுத்ததும் அவர்தான். பத்து நிமிடம் அப்படியே வைத்தால், அல்வாவுக்குக் கோதுமைப் பால் தெளியுமே, அதே போல மேலே பழுப்புத் தண்ணீர் நிற்கும், அடியில் வெள்ளை வெளேரென்று ஸ்டார்ச் இறுகிக் கிடக்கும். தண்ணீரை மெல்ல இறுத்துவிட்டு, அந்த வெள்ளையை விரலால் வழித்துத் துருவலில் சேர்க்க வேண்டும். 60, 70 டிகிரிச் சூட்டில் அது இளகிப் பசையாகித் துருவலைக் கட்டிப்பிடிக்கும். கிழங்கே தருகிற பசை இது. கடையில் வாங்கும் எந்த மாவும் இதற்கு ஈடில்லை.

இதைச் செய்யாதவர்கள்தான் மாவை அள்ளிக் கொட்டுகிறார்கள். கலவை தளர்வாக இருக்கிறதே என்று ஒரு பிடி மைதா, பிறகு இன்னொரு பிடி, கடைசியில் மொறுமொறுப்புக்கென்று நம் ஊர் வழக்கப்படி அரிசி மாவு. கிழங்கு வாசனை போய் பஜ்ஜி வாசனை வந்துவிடும். பிழிந்த துருவல் 1 கிலோ கிழங்கினது என்றால் இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மைதா போதும். யூத வீடுகளில் மைதாவுக்குப் பதில் மாட்ஸா என்ற புளிக்காத ரொட்டியின் தூளைப் போடுவார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் வழித்த ஸ்டார்ச்சோடு ஒரு கரண்டி சோள மாவு சேர்த்து, அளவில் சிறிதாகத் தட்டினால் பிரியாமல் நிற்கும். மசாலா என்றால் மிளகும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும்தான். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு நானும் செய்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு பலகாரம்.

உப்பு கடைசியில். உப்பு பட்ட நிமிடத்திலிருந்து துருவல் மறுபடி தண்ணீர் விட ஆரம்பிக்கும். தோசை மாவுபோல் கரைத்து வைத்துவிட்டு, விருந்தாளி வந்ததும் சுடலாம் என்று உட்காரக் கூடாது. எண்ணெய் காயும்போது உப்பைப் போட்டுக் கலக்கி உடனே தட்ட வேண்டும். ஆள் அதிகம் என்றால் துருவலை இரண்டு பாகமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உப்பிடுங்கள்.

வாணலி

தோசைக்கு விடுகிற மாதிரி ஓரத்தில் நாலு சொட்டு எண்ணெய் போதாது, வடைக்கு மாதிரி முங்கவும் வேண்டாம். தட்டையான கனமான இரும்பு வாணலியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய். கொழுப்புக்கு அஞ்சிக் குறைத்தால் விளைவு தலைகீழ்: சூடு போதாமல் கலவை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு சொதசொதவென்று கிடக்கும். சூரியகாந்தி எண்ணெய் நல்லது. இங்கே பலர் புட்டர்ஷ்மால்ட்ஸில் சுடுவார்கள். உருக்கித் தெளியவைத்த வெண்ணெய், அதாவது நம் நெய்யேதான். வாசனை மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கும். நெய்யையும் எண்ணெயையும் சரிபாதி கலந்தால் எனக்குப் பிடிக்கும். உருக்காத வெண்ணெய் மட்டும் கூடாது. அதிலுள்ள பால் கசடு கருகிக் கசக்கும்.

170 முதல் 180 டிகிரிச் சூடு வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள், சுற்றிலும் சுறுசுறுவென்று குமிழ் வந்தால் சரி. புகைகிற வரை விட்டால் என் வீட்டு அலாரம் மாதிரி ஆகும். ஒரு கரண்டிக் கலவையை வைத்து, முதுகால் அழுத்தி, விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்புங்கள். நடுவில் தடித்திருந்தால் அங்கே வேகாமல் பச்சை வாடை அடிக்கும். ஒரு ஈட்டுக்கு மூன்று, பெரிய வாணலியில் நான்கு. நெருக்கினால் எண்ணெய் ஆறிவிடும்.

பிறகு சும்மா இருக்க வேண்டும். நம்மால் முடியாத காரியம் இதுதான். திருப்பியை வைத்து நோண்டிக்கொண்டே இருந்தால் உடையாமல் என்ன செய்யும்? ஓரம் பொன்னிறமாகி, வாணலியை ஆட்டினால் தானாக நகர வேண்டும். அதற்கு மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். அப்போது ஒரே ஒருமுறை திருப்பினால் போதும். கரும்பழுப்பு வரை விடாதீர்கள். மாவுப் பண்டங்கள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடனிலிருந்து தகவல் வந்தபிறகு, பொன்னிறத்தோடு நிறுத்தச் சொல்லி ஐரோப்பா முழுவதுமே அறிவுரைதான். ஈட்டுக்கு ஈடு இடையே எண்ணெயில் மிதக்கும் துணுக்குகளை அரித்தெடுக்காவிட்டால் அடுத்ததில் கருப்புப் புள்ளி ஒட்டும்.

தட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் அதன் ஆவியிலேயே அது ஊறி, ஈரத்துணி மாதிரி தொங்கும். கம்பி வலைத்தட்டில் தனித்தனியாகப் பரப்பி, 100 டிகிரி ஓவனில் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஓவன் இல்லாத வீட்டில் வாணலியிலிருந்து நேரே தட்டுக்கு. சுடுகிறவர் கடைசியாகச் சாப்பிடுவார், தோசைக்கும் அதுதானே வழக்கம்.

இங்கே பெரும்பாலும் ஆப்பிள் கூழோடுதான் பரிமாறுவார்கள். சர்க்கரை கொட்டிய பாட்டில் கூழை வாங்கினால் ஜாம் தொட்டுத் தின்பது போல் இருக்கும். புளிப்பு ஆப்பிளைத் தோல் சீவி, கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டுப் பட்டையும் போட்டு இருபது நிமிடம் வேகவைத்து மசித்தால் வேலை முடிந்தது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு எதிரே ஒரு புளிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் நான் மாங்காய்த் தொக்கும் வைத்துக்கொள்வதுண்டு. ரைன் ஆற்றங்கரைப் பக்கத்தில் இன்னொரு முறையும் உண்டு: வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டியின் மேல் ரைபெகூகனை வைத்து, சர்க்கரை பீட்ரூட்டைக் காய்ச்சி எடுக்கும் கறுப்புப் பாகை ஊற்றித் தின்பார்கள். வெல்லப்பாகு தொட்டு அடை தின்றவர்களுக்கு இது உடனே புரியும். வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தால், கொலோன் பக்கம் இது வெள்ளிக்கிழமைச் சாப்பாடாகவும் ஆகிவிட்டது.

யூத நண்பர்களை அழைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஹனுக்கா பண்டிகை நாட்களில் லாட்கே சுடுவது, கோயில் விளக்கு எட்டு நாள் எரிந்த எண்ணெயின் நினைவாக. அதனால் அங்கே எண்ணெய்தான் முக்கியம், கிழங்கு பிறகு வந்து சேர்ந்தது. ஆப்பிள் கூழும் புளிப்புக் கிரீமும் இரண்டுமே அதற்குப் பொருந்தும். ஆனால் உணவு விதியைக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்க மாட்டார்கள். பந்தியில் இறைச்சி இருந்தால் கிரீம் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், நெய்யிலும் சுடாதீர்கள்.

மிஞ்சினால் மைக்ரோவேவ் பக்கம் போக வேண்டாம். மறுநாள் காலையில் எண்ணெய் விடாத வாணலியில் மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஓரம் மறுபடி கலகலக்கும். என் வீட்டில் இது அபூர்வம். கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை வழித்து, கடைசி ஈட்டில் கோணல்மாணலாக ஒன்று சுட்டுக்கொள்வேன். பாட்டி அதை மட்டும் யாருக்கும் பரிமாற மாட்டார். அடுப்பைத் தணித்துவிட்டு, உப்பு மட்டும் தூவி, நின்றபடியே தின்பார்.