நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு குடியேற ஊர் பார்ப்பது எப்படி

ஏப்ரல், மே பிறந்தால் எனக்கு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "ஆபீஸ் மன்ஹாட்டன்ல, பையனுக்கு செப்டம்பர்ல கிண்டர்கார்டன், எந்த ஊர்ல வீடு பார்க்கலாம்ணா?" கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பள்ளிக்கு பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து என்று ரேட்டிங் வாங்கிய ஊர்களாகப் பார்த்து மேலிருந்து கீழே அடுக்கியது. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மூடி வையுங்கள் என்பதுதான் என் முதல் பதில். நானும் ரேட்டிங்கை வைத்து ஊர் பிடித்தவன்தான். பெண் நல்ல பள்ளியில் படித்தாள், உண்மை. ஆனால் இரண்டு வருடம் அவள் பள்ளி வாசலை ஒரு வார நாளில்கூட நான் பார்த்ததில்லை, இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்பினேன்.

அதனால் ஆபீஸ் கதவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆபீஸ் நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் என்றால் நார்த்ஈஸ்ட் காரிடார் பாதைதான் நம்மவர்களுக்குத் தெரிந்த பாதை: பிரின்ஸ்டன் ஜங்ஷன், நியூ பிரன்ஸ்விக், எடிசன், மெட்டச்சன், மெட்ரோபார்க். மெட்ரோபார்க்கிலிருந்து முக்கால் மணி நேரம் அளவில் வந்துவிடலாம். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து வேகமாகப் போகும் வண்டி கிடைத்தால் ஒரு மணி நேரத்தை ஒட்டி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி என்றால் அதற்கு மேல். ஆபீஸ் ஜெர்சி சிட்டியிலோ வால் ஸ்ட்ரீட் பக்கமோ இருந்தால் நெவார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி பாத் (PATH) என்ற உள்ளூர் ரயிலுக்கு மாறுவீர்கள். வடக்கே மேப்பிள்வுட், சவுத் ஆரஞ்ச், சம்மிட் பக்கம் 1996-லிருந்து மிட்டவுனுக்கு நேரடி வண்டி உண்டு. ராரிட்டன் வேலி லைன் என்ற ரயில் பாதை மட்டும் ஏமாற்றும். வெஸ்ட்ஃபீல்ட், கிரான்ஃபோர்ட், பிரிட்ஜ்வாட்டர் எல்லாம் மேப்பில் பார்த்தால் கிட்டத்தில்தான் தெரியும், ஆனால் காலை மாலை நெரிசல் நேரத்தில் நேராக நியூயார்க் போகும் வண்டி கிடையாது, நெவார்க்கில் இறங்கி ஏற வேண்டும். ஈஸ்ட் பிரன்ஸ்விக், ஓல்ட் பிரிட்ஜ் வாசிகளுக்கு ரயிலே இல்லை, பஸ்தான். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். மன்ஹாட்டனுக்குள் நுழையும் லிங்கன் சுரங்கத்துக்குப் போகும் வழியில் காலையில் பஸ்ஸுக்கென்றே தனித் தடம் ஒதுக்குகிறார்கள், ஆபீஸ் போர்ட் அதாரிட்டி பஸ் நிலையம் பக்கம் என்றால் பஸ் நன்றாகவே சரிப்படும். சாயந்திரம் அந்தத் தடம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு விளம்பரத்தில் "ஸ்டேஷனுக்கு 10 நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியின் பத்து நிமிடம். காலை ஏழேகாலுக்கு ரூட் ஒன் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து பாருங்கள், தெரியும். அப்புறம் பார்க்கிங். பல ஸ்டேஷன்களில் அந்த ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு வேறு விலை. பெர்மிட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் இடங்களும் உண்டு. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கிங் பெர்மிட் பற்றி விசாரித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, விசாரிக்காமல் ஒரு வருடம் தினமும் மனைவியைக் காரில் ஸ்டேஷன் வரை கொண்டுவிடச் சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். டிக்கெட் விலையையும் கணக்கில் சேருங்கள். 2024 ஜூலையில் ஒரேயடியாக 15 சதவீதம் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு வருடம் 3 சதவீதம் என்று முடிவே செய்துவிட்டார்கள். கார் எடுத்துப் போகலாமே என்றால், 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குக் கீழே நுழைய பகல் நேரத்தில் 9 டாலர், பாலம், சுரங்க டோல் அதற்கு மேலே.

ரயில் ஓடாத நாளும் வரும், அது இந்த மாநிலத்தில் விதிவிலக்கல்ல. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் நீங்கள் போகிற சுரங்கம் 1910-ல் திறந்தது, 2012 சாண்டி புயலில் உப்புத் தண்ணீர் புகுந்து அரித்தது. அதில் இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்று அடைத்துக்கொண்டால் வண்டிகள் வெகுவாகக் குறைந்து பாதை முழுக்கத் தாமதமாகிவிடும். ஆகவே ஊர் தேர்வு செய்யும்போதே, மாலை ஆறரைக்கு இரண்டு பேரும் நடுவழியில் செகாகஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டால் குழந்தையை யார் கூட்டி வருவது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேர் பெரும்பாலும் ஆறு, ஆறரைக்கு மூடிவிடும். தாமதத்துக்கு அபராதம் போடுகிற இடங்களும் உண்டு. இடம் கிடைப்பதும் எளிதல்ல. கிண்டர்கார்டன் முழு நாளா அரை நாளா என்பதையும் கேளுங்கள், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை.

சரி, பள்ளி. இந்தியாவிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் தபால் முகவரி. நியூ ஜெர்சியில் 564 ஊராட்சிகள், பெரும்பாலானவற்றுக்குத் தனித் தனிப் பள்ளி மாவட்டம், அதாவது பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். ஆனால் தபால்காரரின் ஊர்ப் பெயர் வேறு, வரி கட்டும் ஊர் வேறு. முகவரியில் பிரின்ஸ்டன் என்று இருக்கும், வீடு வெஸ்ட் விண்ட்சரிலோ லாரன்ஸிலோ சவுத் பிரன்ஸ்விக்கிலோ இருக்கலாம். மன்மத் ஜங்ஷன், கெண்டால் பார்க், டேட்டன் எல்லாம் சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்பின் பகுதிகள். ஸ்கில்மன் என்றால் மான்ட்கோமரி. சாமர்செட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப். எடிசனுக்கு நடுவே தீவு மாதிரி இருக்கிற மெட்டச்சன் தனி ஊர், தனிப் பள்ளி. எடிசனுக்குள்ளேயே இரண்டு உயர்நிலைப் பள்ளி, வடக்கே ஜே.பி. ஸ்டீவன்ஸ், தெற்கே எடிசன் ஹை. வீட்டு விலை அந்த எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. வீட்டு விளம்பரத் தளம் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாமல், வரி ரசீதில் எந்த டவுன்ஷிப் என்று பார்த்து, அந்தப் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கே தெரு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நண்பர் ஒருவருக்கு ஏஜெண்ட் சொன்ன பள்ளி ஒன்று, சேர்த்த பள்ளி இன்னொன்று. வீட்டுக்கு எதிர்வரிசையோடு எல்லை முடிந்திருந்தது.

மாண்ட்கிளேரில் இந்தக் கணக்கே வேறு. அங்கே 1970களிலிருந்து பெற்றோர் விருப்ப வரிசை கொடுக்கும் முறை, வீட்டுப் பக்கத்துப் பள்ளிதான் கிடைக்கும் என்று இல்லை. சவுத் ஆரஞ்ச் - மேப்பிள்வுட்டும் 2021-லிருந்து வேறு வேறு பின்னணிப் பிள்ளைகளைப் பள்ளிகளுக்குக் கலந்து அனுப்புகிற முறைக்கு மாறியது. இது சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்திருக்கிறது.

ரேட்டிங்கைவிட நல்ல ஆவணம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடா வருடம் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் போடுகிறது. அதில் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், பெற்றோர் சம்பளம் கூடின ஊரில் மதிப்பெண்ணும் கூடத்தான் இருக்கும், அதில் பள்ளியின் சாமர்த்தியம் எவ்வளவு என்று தெரியாது. மாணவர் வளர்ச்சி என்று ஒரு எண் இருக்கும்: ஒரே மாதிரி ஆரம்பித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. 50 நடுவில். அதைப் பாருங்கள். அடிக்கடி லீவு எடுக்கும் பிள்ளைகளின் விகிதம், இனவாரி எண்ணிக்கை, வீட்டில் பேசும் மொழி எல்லாம் அதிலேயே இருக்கிறது. வீட்டு மொழி வரிசையில் தெலுங்கு, குஜராத்தியோடு தமிழும் தலைகாட்டும் பள்ளிகள் உண்டு, பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்த சந்தோஷத்தில்தான் ஒரு சிக்கல். "கலப்பான ஊர்" என்று கேட்டு வருபவர்கள் பலர் மனதில் நினைப்பது நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊர். இரண்டும் ஒன்றல்ல. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு பக்கத்தில் இருப்பது, வார இறுதித் தமிழ் வகுப்பு, பிரிட்ஜ்வாட்டர் கோயில், இவையெல்லாம் வேண்டியவைதான், தனியாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு முதல் வருடம் அதுதான் உயிர். ஆனால் வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள், எல்லார் அப்பா அம்மாவும் ஐடி, எல்லாருக்கும் சனிக்கிழமை கணக்கு டியூஷன் என்றால் போட்டியும் அதே அளவு இறுகும். வெஸ்ட் விண்ட்சர் - ப்ளெய்ன்ஸ்பரோவில் 2015-ல் பள்ளி மாவட்டத் தலைவர் மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார், உயர்நிலைப் பள்ளியில் மிட்டெர்ம், ஃபைனல் தேர்வுகளையே எடுத்தார்கள், அதை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களுமாகப் பெற்றோர் இரண்டு பட்டார்கள். அது நல்ல பள்ளி மாவட்டம், அதில் சந்தேகமில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்தச் சூடு தாங்குமா என்பது ரேட்டிங்கில் வராது. கறுப்பர், வெள்ளையர், லத்தீன், ஆசியக் குடும்பங்கள் உண்மையிலேயே கலந்திருக்கும் ஊர் வேண்டும் என்றால் பிஸ்கேட்டவே, ஃபிராங்க்ளின், மேப்பிள்வுட் பக்கம் போய்ப் பாருங்கள். ஃபிராங்க்ளினின் ரேட்டிங் எண்ணைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அங்கே சந்தோஷமாக வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏஜெண்டிடம் "இந்தத் தெருவில் இந்தியர்கள் இருக்கிறார்களா, நல்ல ஏரியாவா" என்று கேட்காதீர்கள். இனத்தை வைத்து வாடிக்கையாளரை ஓர் இடத்துக்குத் தள்ளுவது 1968-லிருந்து சட்டப்படி குற்றம், ஒழுங்கான ஏஜெண்ட் சிரித்து மழுப்பிவிடுவார். நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளி திறந்திருக்கும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள். காலை அந்த ஊரிலிருந்து நீங்கள் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு நிஜமாகவே போய் ஏறி ஆபீஸ் வரை போய்த் திரும்புங்கள். மூன்று மணிக்குப் பள்ளி விடும்போது எதிரே நில்லுங்கள், யார் யாரோடு சேர்ந்து நடக்கிறார்கள் என்று தெரியும். அங்கிருந்து நூலகத்துக்கு. மாலை மைதானத்துக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் பள்ளி முதல்வர் வரைக்கும் வந்துவிடும் கதை.

வீடு வாங்குகிறீர்கள் என்றால் சொத்து வரி தனி அத்தியாயம். மாநில சராசரியே வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. ஒரே விலை வீட்டுக்குப் பக்கத்துப் பக்கத்து ஊரில் வரி ஆயிரக்கணக்கில் வேறுபடும், எனவே விலையை அல்ல, மாதத் தவணையோடு வரியையும் கூட்டி ஒப்பிடுங்கள். புதிதாகக் கட்டிய வீட்டின் விளம்பரத்தில் வரி கொஞ்சமாகத் தெரிந்தால் அது வெறும் மனைக்கான வரியாக இருக்கலாம். வெள்ளத்தையும் கேளுங்கள். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மிச்சத்தில் மான்வில் என்ற ஊர் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சிலிருந்து விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் வெள்ள விவரத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், வாடகைதானே என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

பள்ளி பஸ் எல்லாருக்கும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், அதற்கு மேல் வகுப்புக்கு இரண்டரை மைலுக்கு மேல் இருந்தால்தான் அனுப்பியாக வேண்டும். அதற்குள் இருந்தால் ஊரைப் பொறுத்தது, பணம் கட்டச் சொல்லலாம், நடக்கவும் சொல்லலாம்.

முடிந்தால் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், லீஸ் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ முடிகிற மாதிரி போடுங்கள், நடு வருடத்தில் பிள்ளையைப் பிடுங்கி நட வேண்டாம். கிண்டர்கார்டனுக்கு பெரும்பாலான இடங்களில் அக்டோபர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அக்டோபர் 3-இல் பிறந்த பிள்ளை என்றால் உங்கள் ஊர் விதியை முதலிலேயே படித்துவிடுங்கள். பதிவுக்கு லீஸ், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கேட்பார்கள், இந்தியாவிலிருந்து நேராக வரும் பிள்ளைக்குக் காசநோய்ப் பரிசோதனையும் இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே டாக்டரிடம் தடுப்பூசி விவரத்தை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரம் பள்ளி பஸ் தாறுமாறாகத்தான் வரும், அந்த வாரத்துக்கு வீட்டிலிருந்து வேலை என்று மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.