க்வாட்டர்பேக்கின் உடம்பைப் படிப்பது எப்படி? அமெரிக்கன் ஃபுட்பால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் நான் செய்த தப்பு, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையின் நடுவில் குனிந்திருக்கும் சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுப்பார், அடுத்த நொடி பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், பந்து எங்கே போனதென்றே தெரியாது, விசில் ஊதியதும் "என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நாங்கள் அப்போது குடியிருந்த ஊரில் ஹைஸ்கூல் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். ஒவ்வொரு தடவையும் பந்து கிளம்பும் முன்பே "பாஸ்", "ரன்", "பாஸ்" (எறிவார்கள், ஓடுவார்கள், எறிவார்கள்) என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாதி ஆட்டம் வரை ஒரே ஒரு தடவைதான் தப்பியது.

இடைவேளையில் கேட்டேவிட்டேன். "அந்தப் பையன் இடுப்பில் தொங்கும் துண்டைப் பாருங்கள்" என்றார், அவ்வளவுதான். பார்த்தேன். பாஸ் என்றால், பந்தை வாங்கி எறியும் க்வாட்டர்பேக் பையன் வலது கையை அந்தத் துண்டில் துடைத்துக்கொள்கிறான், ரன் என்றால் துண்டு பக்கம் கையே போவதில்லை. எறியப்போகிறவனுக்குப் பந்து வழுக்கக் கூடாது என்ற கவலை, பாவம், அது கைக்குத் தெரிந்துவிட்டது. எதிரணிப் பயிற்சியாளரும் இதைப் பிடித்துவிட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஏனென்றால் மூன்றாவது க்வார்ட்டரில் பையன் எறிந்த இரண்டு பந்துகள் நேராக எதிரணி ஆள் கைக்குப் போயின.

ரம்மி ஆடும்போது ஜோக்கர் வந்ததும் சீட்டு அடுக்கும் வேகம் மாறிவிடும் சித்தப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் இல்லையா, அதே சங்கதிதான் இது. இங்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடக்கிறது.

கொஞ்சம் அடிப்படை (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்)

பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேற 4 முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் சென்டர் பந்தைப் பின்னால் தரும் ஸ்னாப்பில் தொடங்கும், அதை வாங்குகிறவர் பெரும்பாலும் க்வாட்டர்பேக். வாங்கியபின் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிட்டால் ரன், தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறிந்தால் பாஸ். எதிரே நிற்கும் டிஃபன்ஸுக்கு இதுதான் தலைவலி. ரன் என்றால் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் முன்னால் பாய வேண்டும், பாஸ் என்றால் பின்வாங்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அரை நொடி முன்னால் தெரிந்தாலே அவர்களுக்குக் கொண்டாட்டம்.

படி 1: ரிமோட்டைக் கையில் எடுங்கள்

நேரலையில் பழக முயற்சி செய்யாதீர்கள், கண்ணைக் கட்டும். பதிவு செய்த ஆட்டம் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு க்வாட்டர்பேக்கை மட்டும் கடைசி வரை பாருங்கள். என்எஃப்எல்லில் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதில் 15 நொடி பாக்கி இருக்கும்போது, பயிற்சியாளர் அவர் ஹெல்மெட்டுக்குள் பேசும் ரேடியோ தானாக நின்றுவிடும். அதற்குமேல் அவர் தனி ஆள். என்ன ஆடப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும், அது வெளியே தெரியக் கூடாது என்பதும் தெரியும், ஆனாலும் உடம்பு அதைக் கொஞ்சம் கசியவிடும். நாம் பார்க்க வேண்டியது இந்த 15 நொடியை.

ஸ்னாப் ஆவதற்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, ரன்னா பாஸா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது. பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று நமக்கு நாமே கதை விடுவோம்.

படி 2: எல்லோருக்கும் தெரிந்ததைக் கழித்துவிடுங்கள்

3-ஆவது முயற்சி, 9 யார்டு பாக்கி என்றால் அது பாஸ் என்று பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். அங்கே உடம்பைப் படித்துக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் முயற்சியில் 10 யார்டு, அல்லது இரண்டாவதில் 5 யார்டு பாக்கி இருக்கிற மாதிரி இடங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இன்னொன்று, இன்றைய என்எஃப்எல்லில் பாதிக்கும் மேல் பாஸ்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் "பாஸ்" என்று சொன்னாலே பாதிக்கும் மேல் சரியாக வரும், அதை நம் திறமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: கீழேயிருந்து தொடங்குங்கள், கால்

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் கண் நன்றாகப் பொய் சொல்லும், கால் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை.

க்வாட்டர்பேக் நிற்கும் விதம் முக்கியமாக இரண்டு. சென்டரின் முதுகோடு ஒட்டி நின்று கையோடு கையாகப் பந்தை வாங்குவது ஒன்று. சுமார் 5 யார்டு பின்னால் தள்ளி நின்று, பறந்து வரும் பந்தைப் பிடிப்பது இன்னொன்று, இதற்குப் பெயர் ஷாட்கன். ஒட்டி நிற்கும்போது இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, ஒன்று லேசாகப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் என்றால் ஸ்னாப் ஆனதும் வேகமாகப் பின்வாங்க வேண்டும், அதனால் சிலர் தெரியாமலே ஒரு காலை அரை அடி முன்கூட்டியே பின்னால் வைத்துவிடுவார்கள். ரன்னில் அந்த அவசரம் இல்லை, பாதங்கள் சமமாக நிற்கும். இது எல்லோருக்கும் பொருந்தாது. சிலர் எப்போதுமே காலைப் பின்னால் வைத்துத்தான் நிற்பார்கள், அவர்களிடம் இதில் சேதி ஒன்றும் இல்லை.

ஷாட்கனில் காலுக்கு வேறொரு வேலை உண்டு. வெளியூர் மைதானத்தில் கூச்சல் காதைப் பிளக்கும், குரல் கொடுத்தால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. (கான்சஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானத்தில் 2014-இல் ரசிகர்கள் போட்ட சத்தம் 142.2 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது.) அப்போது க்வாட்டர்பேக் ஒரு காலைத் தூக்கி வைப்பார், குனிந்து தன் கால்களுக்கு இடையே பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் கார்டு (சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்) அதைப் பார்த்து சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை நிமிர்த்திப் பந்தைத் தருவார். இந்தச் சங்கிலியில் எங்கே தாளம் மாறாமல் இருக்கிறதோ அங்கே டிஃபன்ஸ் புகுந்துவிடும். நிமிர்ந்த தலைக்கும் பந்துக்கும் நடுவே எப்போதும் ஒரே இடைவெளி என்றால், ஓரத்தில் நின்று க்வாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பாஸ் ரஷர் அதை மனப்பாடம் செய்துகொண்டு பந்தோடு பந்தாகக் கிளம்புவார். அவசரப்பட்டு முன்னால் தாண்டினால் ஆஃப்சைடு, 5 யார்டு தண்டம். ஆனால் சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் டிராய் பொலமாலு 2010-இல் டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராகச் செய்ததைத் தேடிப் பாருங்கள். ஸ்னாப் நேரத்தைக் கணித்து, மொத்த வரிசைக்கும் மேலே பாய்ந்து, க்வாட்டர்பேக் கெர்ரி காலின்ஸ் பந்தை வாங்கி நிமிர்வதற்குள் அவர் மேல் விழுந்திருப்பார்.

படி 4: கை

துண்டுக் கதை சொல்லியாயிற்று. அதன் தம்பிதான் விரலை நக்குவது, பிடிமானத்துக்காகச் செய்வது. ஷாட்கனில் பந்துக்காக நீட்டும் கைகளையும் பாருங்கள், பதட்டக்காரர்கள் பாஸ் என்றால் சீக்கிரமே கையை நீட்டிக் காத்திருப்பார்கள், ரன் என்றால் கை தளர்ந்திருக்கும்.

படி 5: ஸ்னாப்புக்கு முன் கண்

க்வாட்டர்பேக் எல்லாப் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். பின்னால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் எத்தனை பேர், ஒருவரா இருவரா, லைன்பேக்கர் யார் பாயப் போகிறார், எல்லாம் அவர் வேலை. லைன்பேக்கர் ஒருவரைக் கை நீட்டிக் காட்டிக் கத்துவார், அதை வைத்து மட்டும் பாஸ் என்று முடிவு கட்டாதீர்கள், ரன்னிலும் அது நடக்கும். கவனிக்க வேண்டியது எங்கே அதிக நேரம் பார்க்கிறார் என்பதையும், எங்கே பார்க்கவே இல்லை என்பதையும். அனுபவம் குறைந்தவர் எறியப்போகும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். கொஞ்சம் விவரம் தெரிந்ததும் அதற்கு நேரெதிராகப் போவார், இடது பக்கத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு வலது பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கடன் கொடுத்தவர் நிற்கும் தெருவைத் தவிர்க்கிற மாதிரி. அதுவும் காட்டிக்கொடுப்பதுதான்.

படி 6: ஸ்னாப்புக்குப் பின் இரண்டு, மூன்று நொடி

பந்து கையில் வந்தபிறகு கேள்வி மாறுகிறது, இனி யாருக்கு, எப்போது என்பதுதான். பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி முதலில் கண்ணைப் பார்ப்பார், அப்புறம் எறியும் கைக்கு எதிர்த்தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். கடைசியாக, பந்தைத் தாங்கியிருக்கும் மற்றொரு கை பந்தைவிட்டு எப்போது விலகுகிறது என்று பார்ப்பார். அந்தக் கை விலகிவிட்டால் பெரும்பாலும் எறிந்தே ஆக வேண்டும். எறிவதற்கு முன் பந்தை ஒரு தட்டு தட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அது எதிரணிக்கு வாசலில் மணியடித்துவிட்டு உள்ளே வருவது மாதிரி.

இதை ஒரு கலையாகவே செய்தவர் பால்டிமோர் ரேவன்ஸின் எட் ரீட். மொத்தம் 64 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை நடுவில் பறிப்பது), 2019-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். க்வாட்டர்பேக்கைப் படித்ததோடு நிறுத்தாமல், வேறு பக்கம் நிற்பது போல் பாவனை காட்டி, "இங்கே காலியாக இருக்கிறது, எறி" என்று அவரையே நம்பவைத்துவிட்டுப் பாய்வார்.

மறுபக்கத்தில், கண்ணால் பொய் சொல்வதில் கெட்டிக்காரர்களையும் பாருங்கள். கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் 2018 டிசம்பரில் பால்டிமோருக்கு எதிராக ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் எறிந்தார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் மேத்யூ ஸ்டாஃபோர்டு 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் (என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம்), ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், ரிசீவர் கூப்பர் கப்புக்கு எறிந்ததும் அப்படித்தான். இந்த இரண்டையும் பின்பக்கக் காமிரா கோணத்தில் பாருங்கள். க்வாட்டர்பேக்கின் கண் போன பக்கம் டிஃபன்ஸ் ஆள் நகர்வது நன்றாகத் தெரியும்.

படி 7: க்வாட்டர்பேக் சுத்தமாக இருந்தால், அவர் முன்னால் இருப்பவர்களைப் பாருங்கள்

இதை யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லவில்லை. சில க்வாட்டர்பேக்குகளிடம் ஒரு பிடியும் கிடைக்காது, ஆனால் அவருக்கு முன்னால் 300 பவுண்டு உடம்போடு குனிந்திருக்கும் கார்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். ரன் என்றால் முன்னால் இடிக்க வேண்டும், அதனால் எடை முழுக்கத் தரையில் ஊன்றிய கையில் இறங்கி, விரல் முட்டி வெளுத்துப்போய் இருக்கும். பாஸ் என்றால் பின்வாங்கிக் காவல் காக்க வேண்டும், எடை குதிகாலில் இருக்கும், கை தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். டிவியில் நெருக்கமாகக் காட்டும்போது அந்தக் கையை ஒரு தடவை பாருங்கள், அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது.

படி 8: குரலும் உடம்பில் சேர்த்திதான்

2003 ஜனவரி 26-ஆம் தேதி சூப்பர் பவுல், ஓக்லாண்ட் ரெய்டர்ஸும் டாம்பா பே பக்கனியர்ஸும். டாம்பாவின் பயிற்சியாளர் ஜான் க்ரூடன் அதற்கு முந்தைய சீசன் வரை ஓக்லாண்டுக்குத்தான் பயிற்சியாளர். ஓக்லாண்ட் க்வாட்டர்பேக் ரிச் கேனன் எப்படிப் பேசுவார், எப்படி நிற்பார், கடைசி நொடியில் எந்தச் சொல்லைக் கத்தி ஆட்டத்தை மாற்றுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பயிற்சியில் தானே கேனன் வேடம் போட்டு, தன் டிஃபன்ஸ் முன்னால் நின்று காட்டியிருக்கிறார். ஓக்லாண்டும் அந்தச் சொற்களைப் பெரிதாக மாற்றவில்லை. விளைவு 48-21. அந்த சீசனின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கிய கேனன் 5 இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதில் 3 நேராக டச்டவுனாக (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) எதிரணிக்குத் திரும்பின.

டென்வர் க்வாட்டர்பேக் பேட்டன் மானிங் இதைத் தலைகீழாக்கினார். 2014 ஜனவரியில் சான் டியாகோவுக்கு எதிரான பிளேஆஃபில் அவர் "ஒமாஹா" என்று 44 தடவை கத்தியதாக எண்ணினார்கள். எந்த ஒமாஹாவுக்குப் பந்து கிளம்பும், எதற்குக் கிளம்பாது என்று தெரியாமல் எதிரணி ஆட்கள் அவசரப்பட்டுத் தாண்டித் தண்டம் கட்டினார்கள்.

படி 9: நோட்டு போடுங்கள்

மூன்று கட்டம் போதும். பார்த்தது, சொன்னது, நடந்தது. நான்கைந்து பிளேயில் "பிடித்துவிட்டேன்" என்று குதிக்காதீர்கள், ஒரு முழு ஆட்டமாவது எழுதுங்கள். 10-க்கு 6 என்றால் அது ஒன்றுமில்லை, 10-க்கு 9 என்றால் ஏதோ இருக்கிறது. தொழில்முறை அணிகள் தங்கள் க்வாட்டர்பேக்கையே இப்படிப் படம் போட்டுப் பார்த்துக் குறைகளைத் தேய்த்துவிடுவதால், என்எஃப்எல்லில் ஆரம்பித்தால் சலித்துப்போகும். ஹைஸ்கூல், கல்லூரி ஆட்டங்களில் பழகிவிட்டு மேலே வாருங்கள்.

அந்தத் துண்டுப் பையன் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். யாரோ சொல்லியிருக்க வேண்டும், இந்தத் தடவை ரன், பாஸ் எல்லாவற்றுக்கும் கை துடைத்தான். பெரியவர் முதல் க்வார்ட்டர் முழுக்கப் பேசாமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் மெல்ல "பாஸ்" என்றார். பாஸ்தான். "ரன்" என்றார். ரன். எதைப் பார்த்தார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை, பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.