காத்திருக்கும் பாடமும் தடுமாறிய தாளமும்

61 கட்டைகள் கொண்ட என் மின்னணுக் கீபோர்டில் ஏற்கெனவே பதிந்து வரும் பாடங்களைக் கொண்டு, பீத்தோவன் 1810-இல் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’ படைப்பைப் பயின்றபோது, பாடத்திற்குள் ஒவ்வொரு சுரமும் சரியாக விழுந்தது. வெளியே வந்து தனியாக வாசித்தால் தாளம் தடுமாறியது. சரியான கட்டையை அழுத்தும்வரை இசையை நிறுத்தி வைக்கும் பயிற்சி முறையே இதற்குக் காரணம். விரல் தேடும் நேரத்தைக் கருவி பொறுத்துக்கொள்வதால், அந்தத் தயக்கமும் கைக்குப் பழகிவிடுகிறது.

ஆகவே, சுரங்களை அறிந்துகொள்வதற்கு மட்டும் அந்த முறையை வைத்துக்கொண்டு, இசை நிற்காமல் ஓடும் முறைக்கு மாறினேன். வேகத்தை அரைவாசிக்கும் கீழாகக் குறைத்து, தாள அடிகளை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை மூன்றடிக்கு அமைத்து, குறித்த இரு இடங்களுக்கு இடைப்பட்டதை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் ஏ-பி ரிப்பீட் வசதியில் சிறு சிறு பகுதிகளாகச் சுழலவிட்டேன். சுழற்சியின் முடிவை அடுத்த பகுதியின் தொடக்கம்வரை நீட்ட வேண்டும். இல்லாவிடில் துண்டுகள் நன்றாக வரும், இணைப்புகள் வாரா.

இடக்கை, வலக்கை என்று தனித்தனியாகப் பயிற்றும் பாடம் இந்தப் படைப்புக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. முதற்பகுதியில் இடக்கை ஏ, ஈ, ஏ என மூன்று சுரங்களை எழுப்பி ஓய, வலக்கை சி, ஈ, ஏ என்று அதே ஓட்டத்தைத் தொடர்கிறது. கடினமானது அந்தக் கைமாற்றமே. தனிக்கைப் பயிற்சியில் அது இல்லவே இல்லை. எனவே அந்த இடத்தை மட்டும் இரு கைகளாலும் மெதுவாக வாசித்து, ஒரு சுற்று தடையின்றி முடிந்த பிறகே வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். இப்போது பாடத்தை அணைத்துவிட்டு வாசித்தாலும் தாளம் பிசகுவதில்லை.